சாசனத்தைத் திருத்துவது யார்?

மலர்க் குழுவினர் போன் செய்து, "நீ சிவில்காரன், ஏதாவது பாலம், அணைக்கட்டு பற்றி எழுதிக் கொடு" என்றார்கள். எழுதியிருக்கலாம். ஆனால் சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொதுக்குழுவில் நடந்த ஒரு சின்ன விஷயம் மனசை விட்டுப் போகவில்லை. அதனால் பாலத்தை இன்னொரு மலருக்கு வைத்துக்கொண்டு, இந்த முறை இரண்டு ஊர்களின் சாசனக் கதையைச் சொல்கிறேன். நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

நடந்தது இதுதான். சாப்பாட்டு மணி அடிக்கப்போகிற நேரம். சமீபத்தில் படிப்பை முடித்த தங்கை ஒருத்தி எழுந்து, "வெளியூரில் வேலை பார்க்கிறவங்க தபால்ல ஓட்டுப் போடுற மாதிரி பைலாவைத் திருத்தலாமாண்ணா?" என்று கேட்டாள். "திருத்தத்தைச் செயற்குழுதாம்மா கொண்டு வர முடியும். உறுப்பினர் கொண்டு வர பைலாவில் இடமில்லை" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. அவள் விடவில்லை. "அப்போ அந்த விதியைத் திருத்தணும்னா?" "அதையும் செயற்குழுதான் கொண்டு வரணும்!" மண்டபம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

ஊர் திரும்பும்போது ரயிலில் அந்தச் சிரிப்பு உறுத்த ஆரம்பித்தது. நம் டிராயிங் சார் சொன்னது ஞாபகம் வந்தது. எந்த வரைபடத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் வலது கீழ் மூலையைப் பார்க்கச் சொல்வார். "ஆர்-0 யார் போட்டது, ஆர்-1 யார் திருத்தினது, யார் ஒப்புதல் கொடுத்தது? அதைப் பார்க்காம சைட்டுக்குப் போனீன்னா, ஆர்-2 வச்சுக் கட்டிட்டு ஆர்-3 வந்ததும் இடிப்பே" என்பார். அந்தக் கட்டத்துக்குப் பெயர் ரிவிஷன் பாக்ஸ் என்பது சிவில், மெக்கானிக்கல் நண்பர்களுக்குத் தெரியும். வேலைக்குப் போய்ப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் என் கண் முதலில் அங்கேதான் போகிறது.

ஒரு நகரத்தின் சாசனமும் ஒரு வரைபடம் மாதிரிதான். யார் வரி போடலாம், யார் செலவழிக்கலாம், யார் தெருவைக் கூட்டணும் என்பதெல்லாம் அதில் இருக்கும். நாம் வரைபடத்தைப் பற்றிப் பேசுகிறோம். மூலையில் இருக்கிற கட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

ஒரே ராஜா, இரண்டு சாசனம்

2019-இல் கம்பெனி வேலையாகச் சில மாதங்கள் நியூயார்க்கில் இருந்தேன். அந்த நவம்பரில் ஒரு நாள், எதிர் மேஜைக்காரர் ஒரு கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன். "ஊர்ச் சாசனத்தைத் திருத்தப் போறாங்க. ஐந்து கேள்வி. ஆமா, இல்லைன்னு நாங்க ஓட்டுப் போடணும்" என்று சாதாரணமாகச் சொன்னார். ஆள் அரசியல்வாதி இல்லை. எங்களைப் போலக் கட்டட வேலைக்காரர்தான். மாநகராட்சிச் சட்டத்தின் ஒரு பிரிவைத் திருத்தலாமா என்று என்னிடம் யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. அன்றிலிருந்துதான் இரண்டு ஊர்க் கதையையும் சேர்த்துப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியம்.

நியூயார்க் நகரத்துக்கு டாங்கன் சாசனம் கிடைத்தது 1686 ஏப்ரலில். தாமஸ் டாங்கன் அங்கே கவர்னராக இருந்தவர். நம் சென்னைப் பட்டணத்துக்குச் சாசனம் எழுதப்பட்டது 1687 டிசம்பர் 30-இல். இடையே இருபதே மாதம். இரண்டு சமயத்திலும் இங்கிலாந்தின் ராஜா ஒருவரே, இரண்டாம் ஜேம்ஸ். அவர் பட்டத்துக்கு வருமுன் யார்க் கோமகனாக இருந்தவர். அவர் பட்டப்பெயரைத்தான் நியூயார்க் இன்றும் சுமக்கிறது. ஆக இரண்டு ஊரும் ஒரு வகையில் அக்கா தங்கை என்றால் மிகையாகாது.

உறவு அதோடு நிற்கவில்லை. 1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி தொடங்கியபோது கோட்டையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். பிறந்த ஊர் பாஸ்டன். பின்னாளில் அவர் அனுப்பிய சரக்குகளுக்கு நன்றியாகத்தான் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு யேல் என்று பெயர் வைத்தார்கள். முதல் மேயர் நத்தானியேல் ஹிகின்சன். அவரும் அமெரிக்க மண்ணில் பிறந்தவர். ஹார்வர்டில் 1670-இல் பட்டம் வாங்கியவர். நம்ம ஊர் முதல் மேயர் ஒரு ஹார்வர்ட் பழைய மாணவர்! பழைய மாணவர் மலரில் இதைச் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

ஆர்-0: ஐந்து ஷில்லிங் கணக்கு

சென்னைக்குச் சாசனம் தரவேண்டும் என்ற யோசனைக்குப் பின்னால் இருந்தவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜோசையா சைல்ட். அவருக்கு நம் மேல் பாசம் ஒன்றும் இல்லை. கோட்டைச் சுவருக்கும் ஊர்க் காரியங்களுக்கும் பணம் வேண்டும். வரி என்றாலே பட்டணத்து ஜனங்கள் முரண்டு பிடித்தார்கள். கம்பெனி ஒரு கணக்குப் போட்டது. மேலிருந்து அதிகாரத்தால் விதித்தால் ஆறு பென்ஸுக்கும் முனகுகிறவர்கள், தாங்களே கூடித் தங்களுக்கு விதித்துக்கொண்டால் ஐந்து ஷில்லிங் கூட மனமுவந்து தருவார்கள் என்பது அந்தக் கணக்கு. கணக்கு ரொம்பச் சரி என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்கு ஆதாரத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சாசனப்படி ஒரு மேயர், 12 ஆல்டர்மேன்கள், 60 நகரத்தார். மேயர் வருஷத்துக்கு ஒருவர். ஆல்டர்மேன்களில் ஆங்கிலேயரோடு போர்ச்சுக்கீசியர், யூத வியாபாரிகள், நம்ம ஊர் வியாபாரிகள் என்று பல இனத்தாருக்கும் இடம் இருந்தது. சின்ன வெங்கடாத்ரி போன்ற பெரும் வணிகர்கள் அந்த முதல் அவையில் உட்கார்ந்தார்கள். அந்தக் காலத்துக்கு இது சாமானிய விஷயமில்லை.

இப்போது மூலைக் கட்டத்தைப் பார்ப்போம். ஒப்புதல் யார்? ராஜாவின் முத்திரையோடு சாசனம் போகட்டுமா, கம்பெனி முத்திரையோடு போகட்டுமா என்று லண்டனில் ஒரு விவாதமே நடந்தது. ராஜாவிடமிருந்து நேராகச் சாசனம் வந்தால் அங்கே உள்ளவர்களுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று கம்பெனி தரப்பு வாதாடியது. அதுவே ஜெயித்தது. சாசனம் கம்பெனி முத்திரையோடு வந்தது. கொடுத்தவன் கம்பெனி, மாற்றுவதும் கம்பெனி. ஊர் ஜனங்கள் அதில் ஒரு வரியை மாற்ற வழி எதுவும் வைக்கப்படவில்லை.

நியூயார்க்கிலும் ஆரம்பம் ரொம்ப உசத்தி என்று சொல்லிவிட முடியாது. மேயரைக் கவர்னர்தான் நியமிப்பார். ஆனால் ஆறு வார்டுகளிலிருந்தும் ஆல்டர்மேன்களை வருடா வருடம் தேர்ந்தெடுக்கும் வழி 1686-லேயே சாசனத்தில் இருந்தது. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அந்த ஓட்டு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இருந்தாலும் கதவு ஒரு இஞ்ச் திறந்திருந்தது.

திருத்தம் வந்தது, கப்பலில் வந்தது

சென்னையில் எதிர்பார்த்தபடி வரி வசூலாகவில்லை. மாநகராட்சி என்பது போகப் போக மேயர் கோர்ட்டு என்ற நீதிமன்றமாகவே முக்கியத்துவம் பெற்றது. பிறகு திருத்தங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் லண்டனிலிருந்து கப்பலில் வந்தவை.

ஆர்-1 என்று 1726-ஐ வைத்துக்கொள்ளலாம். முதலாம் ஜார்ஜ் மன்னரின் புதுச் சாசனம் வந்தது. சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்றுக்கும் ஒரே அச்சு. ஒரு மேயர், 9 ஆல்டர்மேன்கள். மேயரும் ஆல்டர்மேன்களில் ஏழு பேரும் பிறப்பால் பிரிட்டிஷ் பிரஜைகளாக இருக்கவேண்டும் என்று ஒரு விதி. 1688-இல் வெங்கடாத்ரி உட்கார்ந்த அவையில் நம்மவருக்கு இருந்த இடம் ஒரு வரியில் சுருங்கிப் போனது. யாரிடமும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவும் இல்லை.

1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் பட்டணத்தைப் பிடித்தார்கள். 1749-இல் ஊர் திரும்பக் கிடைத்தது. 1753-இல் இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் இன்னொரு சாசனம். அது ஆர்-2. 1793-இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் தெருவைச் சுத்தம் செய்வதும் அதற்கு வீட்டு வரி போடுவதும் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் என்ற நியமன அதிகாரிகளிடம் போனது. 1798-இல் மேயர் கோர்ட்டின் இடத்துக்கு ரெக்கார்டர் கோர்ட்டு வந்தது. ஹிகின்சன் ஆரம்பித்து வைத்த மேயர் பதவியின் முக்கியத்துவம் அதோடு குறைந்து போனது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருத்தும் இடம் லண்டனிலிருந்து கொஞ்சம் கிட்ட வந்தது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் இருந்த அரசே சட்டம் போட ஆரம்பித்தது. 1867 சட்டப்படி ஊர் 8 டிவிஷன், 32 கமிஷனர்கள், அத்தனை பேரும் நியமனம். 1878-இல் பாதிப் பேரை வரி கட்டுகிறவர்கள் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். 1884-இல் 32-க்கு 24 என்று ஏற்றினார்கள். சந்தோஷப்படுவதற்குள் 1904 வந்தது. மொத்தம் 36 ஆக ஏறியது. டிவிஷன் வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பது 20 ஆக இறங்கியது. மீதி இடங்களில் வர்த்தக சபை, ரயில்வே கம்பெனி போன்றவர்களின் பிரதிநிதிகளும் அரசு நியமனங்களும். மேலிருந்து கொடுத்தது மேலிருந்தே திரும்பப் போனது.

1919-ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய மாற்றம். 50 கவுன்சிலர்கள், பெரும்பாலோர் தேர்தலில் வருகிறவர்கள். சர் பிட்டி தியாகராய செட்டியார் 1920-இல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1933-இல் தலைவர் என்ற பதவிக்கு மறுபடி மேயர் என்று பெயர் வந்தது. முதலில் அந்தப் பெயரோடு அமர்ந்தவர் எம்.ஏ. முத்தையா செட்டியார். அந்த 1919 சட்டம்தான் நூறு வருஷத்துக்கு மேல் நம் ஊரின் அடிப்படைச் சட்டமாக இருந்தது. சாசனம் என்ற பேர் போய்விட்டது. வேலை அதே வேலைதான்.

அக்கா வீட்டுக் கதை

நியூயார்க்கில் மட்டும் எல்லாம் சுகமாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மேயரை ஜனங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவே 1834 வரை காத்திருந்தார்கள். அதற்குப் பிறகும் சாசனத்தை மாற்றும் பேனா ஆல்பனியில், அதாவது மாநிலத் தலைநகரில் இருந்தது. 1857-இல் மாநில சட்டசபை சாசனத்தை மாற்றி, நகரப் போலீசையே மேயரின் கையிலிருந்து பிடுங்கி, புதிதாக ஒரு போலீஸை அமைத்தது. மேயர் பெர்னாண்டோ வுட் பழைய போலீஸைக் கலைக்க மறுத்தார். விளைவு? ஜூன் மாதத்தில் நகரசபைக் கட்டடத்தின் முன்னால் போலீசும் போலீசும் கம்பெடுத்து அடித்துக்கொண்டார்கள்! திருத்துவது யார் என்பது தீராவிட்டால் கடைசியில் கம்புச் சண்டைதான்.

இந்தத் தொல்லைக்கு முதலில் மருந்து கண்டது மிசௌரி மாநிலம். 1875-இல் தன் அரசியல் சட்டத்திலேயே, பெரிய நகரம் தன் சாசனத்தைத் தானே எழுதிக்கொள்ளலாம் என்று இடம் வைத்தது. மறு வருஷமே செயின்ட் லூயிஸ் நகரம் அப்படி எழுதிக்கொண்டது. இந்த ஏற்பாட்டை அவர்கள் ஹோம் ரூல் என்பார்கள். அன்னி பெசன்ட் அம்மையாரின் இயக்கத்தால் நமக்கு அந்தச் சொல் தெரியும். ஒரு ஊருக்கும் அது பொருந்தும் என்பது எனக்குப் புதுசு.

நியூயார்க் ஐந்து பகுதிகளைச் சேர்த்து ஒரே மாநகரானது 1898-இல். அதற்கு முன் 1894-இல் ஜனங்களின் கருத்தைக் கேட்டு ஓட்டெடுப்பு வைத்தார்கள். அப்போது புரூக்ளின் தனி நகரம். அங்கே சேரலாம் என்றவர்கள் 64,744. வேண்டாம் என்றவர்கள் 64,467. வித்தியாசம் வெறும் 277 ஓட்டு! கட்டுப்படுத்தும் ஓட்டாக இல்லாவிட்டாலும் கேட்டார்கள், எண்ணினார்கள், எழுதி வைத்தார்கள். 1923-இல் அந்த மாநிலத்திலும் நகரங்களுக்கு ஹோம் ரூல் வந்தது. 1936-இல் புதுச் சாசனத்தை நகர வாக்காளர்களே ஓட்டுப் போட்டு ஏற்றார்கள். 1938-இல் நடைமுறைக்கு வந்தது.

இன்றைய நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாசனத்தைத் திருத்த அங்கே மூன்று கதவு.

ஒன்று, நகர கவுன்சில் சட்டம் போட்டுத் திருத்தலாம். ஆனால் தேர்தல் முறையை மாற்றுவது, தேர்ந்தெடுக்கப்பட்ட பதவியின் அதிகாரத்தைக் குறைப்பது போன்ற சில விஷயங்களை ஜனங்களின் ஓட்டுக்கு விட்டே ஆகவேண்டும்.

இரண்டு, சாசன ஆணையம். மேயர் 9 முதல் 15 பேர் வரை நியமிக்கலாம். ஆணையம் அமைக்க வேறு வழிகளும் உண்டு. ஆணையம் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டு, திருத்தத்தைக் கேள்வியாக எழுதி, வாக்குச்சீட்டில் வைக்கும்.

மூன்று, ஜனங்களே கையெழுத்துத் திரட்டித் திருத்தம் கொண்டு வரலாம். மேயரும் பதவியிலிருப்பவர்களும் இரண்டே தடவைதான் இருக்கலாம் என்ற விதி 1993-இல் இப்படி ஜனங்களின் மனுவால் வந்ததுதான்.

இதற்கெல்லாம் மேலே மாநில சட்டசபை அங்கேயும் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது.

இந்த ஏற்பாட்டின் பலம் 1989-இல் தெரிந்தது. அதுவரை பட்ஜெட், நிலம், காண்டிராக்ட் எல்லாவற்றையும் முடிவு செய்தது போர்டு ஆஃப் எஸ்டிமேட் என்ற எட்டுப் பேர் குழு. 22 லட்சம் பேர் வாழ்ந்த புரூக்ளினுக்கும் ஒரு ஓட்டு. மூன்றரை லட்சம் பேர் வாழ்ந்த ஸ்டேட்டன் தீவுக்கும் ஒரு ஓட்டு. இது சமத்துவத்துக்கு விரோதம் என்று 1989 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. ஊரின் மூளையையே எடுத்துவிட்ட மாதிரி. ஆனால் ஊர் நிலைகுலையவில்லை. சாசன ஆணையம் உட்கார்ந்தது, திருத்தம் எழுதியது, அதே வருஷம் நவம்பரில் ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள். போர்டு போனது; 35 பேர் கவுன்சில் 51 பேர் ஆனது. எட்டே மாதம்!

கதவு இருந்தால் அடைக்கிறவர்களும் உண்டு

நடைமுறை என்று இருந்தால் அதை வளைக்கிற கெட்டிக்காரர்களும் இருப்பார்கள். அங்கே ஒரு விதி உண்டு. சாசன ஆணையத்தின் கேள்வி வாக்குச்சீட்டில் ஏறினால், அதே தேர்தலில் வேறு வழியாக வந்த திருத்தக் கேள்விகள் இறங்கிவிடவேண்டும். 1998-இல் யாங்கி ஸ்டேடியத்தைப் பொதுப் பணத்தில் மன்ஹாட்டனுக்கு மாற்றலாமா என்று ஜனங்களைக் கேட்கக் கவுன்சில் ஏற்பாடு செய்தது. மேயர் கியூலியானிக்கு அது பிடிக்கவில்லை. அவசரமாக ஒரு ஆணையம் அமைத்தார். அது வேறொரு கேள்வியை வைத்தது. ஸ்டேடியம் கேள்வி சீட்டிலிருந்து இறங்கிவிட்டது. 2024-இலும் வேறொரு மேயர் இதே வழியில் கவுன்சிலின் கேள்வி ஒன்றைத் தள்ளிவைத்தார்.

2008-இல் இன்னொரு கூத்து. இரண்டு தடவை என்று ஜனங்கள் வைத்த வரம்பை, மேயர் புளூம்பர்க் காலத்தில் கவுன்சிலே 29-க்கு 22 என்று ஓட்டுப் போட்டு மூன்று தடவையாக்கியது. ஜனங்களைக் கேட்கவில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2010-இல் கேள்வி மறுபடி வாக்குச்சீட்டுக்கு வந்தது. ஜனங்கள் இரண்டு தடவை என்றே திருப்பி எழுதினார்கள். எனக்குப் பிடித்தது இதுதான். விதியை வளைத்தார்கள், ஆனால் நிமிர்த்துகிற வழியும் விதிக்குள்ளேயே இருந்தது.

நம்ம ஊருக்குத் திரும்புவோம்

சென்னை மாநகராட்சி மன்றம் 1973-இல் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் நடந்தது 1996-இல். 23 வருஷம்! அந்த இடைவெளியில் பிறந்த ஒரு குழந்தை பொறியியல் படித்து முடித்து வேலைக்கே போய்விடலாம். இத்தனை காலம் ஊருக்கு ஒரு கவுன்சிலர்கூட இல்லை. அதைக் கேட்கச் சாசனத்தில் இடமும் இல்லை. 1993 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம்தான், நகராட்சி மன்றத்தின் ஆயுள் ஐந்து வருஷம், அது முடிவதற்குள் தேர்தல் என்று கட்டளையிட்டது. அப்படி எழுதி வைத்த பிறகும் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, வழக்கு, வார்டு மறுவரையறை என்று தள்ளித் தள்ளி, 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது.

மேயரை யார் தேர்ந்தெடுப்பது? 1996-இல் ஜனங்கள் நேரடியாக. 2006-இல் கவுன்சிலர்கள். 2011-இல் மறுபடி ஜனங்கள். 2022-இல் மறுபடி கவுன்சிலர்கள். எந்த முறை நல்லது என்பதில் நியாயமான இரண்டு பக்கமும் உண்டு. அதில் நான் இறங்கவில்லை. ஒவ்வொரு முறையும் மூலைக் கட்டத்தில் யார் கையெழுத்து என்பதை மட்டும் பாருங்கள். ஓட்டுப் போடப் போகிறவன் கையெழுத்து ஒரு தடவையும் இல்லை.

முன்னால் ஐந்து ஷில்லிங் கணக்குக்கு ஆதாரம் தருகிறேன் என்றேன் அல்லவா? ஆலந்தூரைப் பாருங்கள். தனி நகராட்சியாக இருந்த காலத்தில், 1990-களின் பிற்பகுதியில், பாதாளச் சாக்கடை வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அரசுப் பணம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. நகராட்சி வீடு வீடாகப் போய் விளக்கியது. குழாய் பதிக்கும் முன்பே வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத் தொகையாக ஜனங்கள் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அது சின்னத் தொகையில்லை. திட்டமும் நிறைவேறியது. நகர்ப்புறக் கட்டமைப்பு படிக்கிறவர்கள் இன்றும் உதாரணம் காட்டுகிற திட்டம் அது. தானே முடிவு செய்த ஊர், தானே பணம் கொடுத்தது. ஜோசையா சைல்ட் காகிதத்தில் போட்ட கணக்கை முன்னூறு வருஷம் கழித்து ஆலந்தூர் ஜனங்கள் செய்து காட்டினார்கள்.

2011-இல் ஆலந்தூர் உட்பட 42 உள்ளாட்சிகள் சென்னையோடு இணைந்தன. 155 வார்டு 200 ஆனது. 174 சதுர கிலோமீட்டர் 426 ஆனது. இணைப்பு தேவை என்பதை ஒரு பொறியாளனாக நான் மறுக்க மாட்டேன். மழைத் தண்ணீருக்கு நகராட்சி எல்லை தெரியாது. ஆனால் புரூக்ளினில் 1894-இல் எண்ணிய மாதிரி இங்கே எண்ணிப் பார்க்க வழி இல்லை. 277 ஓட்டில் ஜெயித்திருக்கலாம், தோற்றிருக்கலாம். அது நமக்குத் தெரியவே தெரியாது.

கடைசியாக 2023 ஏப்ரலில், 1919-ஆம் ஆண்டுச் சட்டம் விடைபெற்றது. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1998-இல் இயற்றப்பட்ட சட்டம் 25 வருஷம் அலமாரியில் இருந்துவிட்டு வந்திருக்கிறது. பல ஊருக்குப் பல சட்டம் என்றிருந்ததை ஒன்றாக்கியதில் சௌகரியம் நிறைய. திருத்துவது சட்டசபை. சட்டசபை இருப்பது செயின்ட் ஜார்ஜ் கோட்டையில். எலிஹு யேல் உட்கார்ந்த அதே கோட்டை! நடுவே ராஜா போனார், கம்பெனி போனது, வெள்ளைக்காரன் போனான். இன்று அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள். அந்த வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனாலும் ஊரின் சாசனம் ஊரில் திருத்தப்படுவதில்லை என்பது மட்டும் 1687 முதல் மாறவில்லை.

இதைச் சொன்னபோது ஹாஸ்டல் அறைத் தோழன் ஒருவன் சண்டைக்கு வந்தான். "எல்லாத்தையும் ஜனங்ககிட்ட கேட்டா வேலை நடக்குமாடா? உன் பாலத்துக்கு எத்தனை கம்பி போடணும்னு ஓட்டெடுப்பு வைப்பியா?" என்றான். நியாயமான கேள்வி. கம்பிக்கு ஓட்டெடுப்பு வேண்டாம்; அதற்குக் கோடு புத்தகம் இருக்கிறது. ஆனால் பாலம் வேண்டுமா, எந்தத் தெருவில் வேண்டும், யார் காசில் என்பதற்குக் கோடு புத்தகத்தில் பதில் இல்லை. அதைவிட முக்கியம், எதை ஜனங்களிடம் கேட்கவேண்டும், எதைக் கேட்கவேண்டாம் என்று பிரித்து எழுதுகிற விதியை எழுதும்போதாவது அவர்களைக் கேட்கவேண்டும். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. "பார்க்கலாம்" என்றான். அவனிடமிருந்து அதுவே பெரிசு.

சரி, நம்ம வீட்டு விஷயம்

ஊரைத் திருத்துவது என்னால் ஆகிற காரியமில்லை. சங்கத்தின் பைலா நம் கையில் இருக்கிறது. ரயிலில் வந்த அன்றே அதை எடுத்து, மூலைக் கட்டத்தைத் தேடினேன். சங்கம் ஆரம்பித்தபோது ஏழெட்டு சீனியர்கள் நல்ல மனசோடு எழுதியது. அப்போது உறுப்பினர்கள் ஒரு வகுப்பறைக்குள் அடங்குகிற அளவுதான். செயற்குழு வேறு, பொதுக்குழு வேறு என்றே இல்லாத காலம். அதனால் திருத்தத்தைச் செயற்குழு கொண்டு வரட்டும் என்று எழுதியதில் யாருக்கும் தவறு தெரியவில்லை. இன்றைக்கு உறுப்பினர்கள் பல ஊரில், பல நாட்டில். ஆர்-0 வரைபடத்தை வைத்துக்கொண்டு மூன்றாவது மாடி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

எனவே செயற்குழுவுக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். ஐம்பது உறுப்பினர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்தால், எந்தத் திருத்தமும் அடுத்த பொதுக்குழுவின் ஓட்டுக்கு வந்தே ஆகவேண்டும் என்று ஒரே ஒரு வரி. ஏற்பதும் தள்ளுவதும் பொதுக்குழுவின் இஷ்டம். அந்தத் தங்கையின் தபால் ஓட்டு யோசனை சரியா தவறா என்பதும் அப்போது தெரிந்துவிடும். தோற்றாலும் எண்ணிப் பார்த்துத் தோற்கட்டும்.

செயற்குழு நண்பர்கள் பெருந்தன்மையோடு இதை இந்தச் சந்திப்பின் பொதுக்குழு அஜெண்டாவில் சேர்த்திருக்கிறார்கள். நன்றி. பிற்பகல் கூட்டத்தில் கடைசி அயிட்டம் அது. சாப்பாடு முடிந்ததும் குரூப் போட்டோவுக்குப் போய்விடாமல், எல்லோரும் பத்து நிமிஷம் மண்டபத்துக்கு வாருங்கள். ஆமாம் என்றோ இல்லை என்றோ கை தூக்குங்கள்.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு நீங்கள் ஒரு கம்பெனியில் சேருவீர்கள், ஒரு அபார்ட்மென்ட் சங்கத்தில் சேருவீர்கள், ஒரு ஊரில் வரி கட்டுவீர்கள். எங்கே போனாலும் முதலில் வலது கீழ் மூலையைப் பாருங்கள். சார் சொல்லிக்கொடுத்தது டிராயிங் பேப்பருக்கு மட்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

- பொறியாளர், சிவில் பிரிவு, 2009